வெள்ளைக்காரருக்கு ஒரு கல்வெட்டு

திருமதி யூடித் எழுந்து நின்றபோது மண்டபத்தில் பாதிப் பேரின் வாயில் வடை இருந்தது. மீதிப் பேரின் கையில் இருந்தது.

அவருடைய கையில் மட்டும் நான் எழுதிய புத்தகம் இருந்தது. மஞ்சள் அட்டையில் அவருடைய தந்தையார் ஹெக்டர் பிளம்லியின் படம். படத்தின் இருபுறமும் அச்சகத்தார் தாமாகவே இரண்டு குத்துவிளக்குகளைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே தொப்பி அணிந்த அந்த ஆங்கிலேயர், தம்முடைய கடையில் யாரோ அனுமதியின்றி விளக்கேற்றிவிட்டதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் நடராசா, இத்தனை பக்கங்கள் என் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவீர்களா?" என்று அவர் கேட்டார்.

மெல்பேணின் டண்டினொங் மண்டபத்தில், முன்வரிசைக் கதிரையில் நான் அமர்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் பிளம்லி குடும்பத்தின் சம்பந்தி சிவகுரு. மூன்றாம் வரிசையில், சாம்பல் நிறக் கோட்டு அணிந்து, கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்த முதியவர் திரு. முலெங்கா. பிளம்லி வியாபாரமும் அரசியலும் செய்த அதே ஆபிரிக்க ஊரில் பிறந்தவர்.

சிவகுரு என் காதருகே குனிந்தார்.

"மாஸ்டர், நாலாம் பாட்டை விட்டிட்டு வாசியுங்கோ."

## ஒரு கலையைப் பற்றிச் சில சொற்கள்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எனது முதலாவது அவுஸ்திரேலிய நேர்முகத் தேர்வைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த பாராட்டுகளை ஏற்றுக்கொள்கிறேன். வந்த திருத்தங்களை ஏற்கவில்லை.

கல்வெட்டு என்றதும் தமிழகத்து அன்பர்கள் சோழரை நினைப்பார்கள். நாங்கள் சொல்வது வேறு. எங்களிடத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, அவருடைய வாழ்வைச் செய்யுளில் பாடிய சிறு நூல் ஒன்றை அச்சிட்டு, வந்தவர்களுக்குச் சோற்றுடன் கொடுப்போம். அதன் பெயர் கல்வெட்டு.

அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஊர்ச் சிறப்பு. அதில் வயல் விளையும், வாளை பாயும். பின்னர் குலம், தொழில், கொடை. அதன் பின்னர் புலம்பல்கள்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், சம்பந்தி புலம்பல். இந்த வரிசையில் ஒருவரை விட்டுவிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இராது.

சிட்னியிலும் மெல்பேணிலும் கௌரவமாக இறக்க விரும்புகிறவர்கள் சிட்னியின் செவன் ஹில்ஸில் உள்ள என் வீட்டுத் தொலைபேசிக்கே அழைத்துவந்தார்கள். என் கல்வெட்டுகளில் தளை தட்டியதில்லை. ஒன்றுக்கேனும் பிழைதிருத்தம் வெளியிட்டதில்லை. ஓய்வூதியமும் இந்தப் பெயரும் தவிர எனக்கு வேறு சொத்து இல்லை. ஓய்வூதியத்தையாவது அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். பெயரை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெயர்தான் அன்று நாலாம் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

## "என்ன வெள்ளைக்காரன்?"

சிவகுரு என்னோடு கல்லூரியில் படித்தவர். வகுப்பில் எனக்கு அடுத்தபடி வந்தவர் என்று அவர் சொல்வார். அடுத்தபடி என்பதற்கு அவர் கொடுக்கும் பொருள் மிகவும் விசாலமானது.

அவருடைய ஒரே மகள் அபிராமி, பிளம்லியின் பேரனைக் காதலித்து மணந்தாள். திருமணத்தன்று மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த விதத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பந்தியில் ஓர் அன்ரி கேட்ட கேள்வி சிவகுருவின் காதில் விழுந்துவிட்டது.

"பெடியன் வெள்ளைக்காரன் எண்டது சரி. என்ன வெள்ளைக்காரன்?"

கடல் கடந்து ஐயாயிரம் மைல் வந்தும் நம்மவர் கைவிடாத பொருள்களுள் அம்மியும் இந்தக் கேள்வியும் முக்கியமானவை. அம்மியைச் சிலர் கைவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே பிளம்லி ஏறக்குறைய நூறு வயதில் காலமானபோது, சிவகுரு துக்கத்துடன் ஒரு வாய்ப்பையும் கண்டார். உடனே எனக்கு அழைப்பு வந்தது.

"மாஸ்டர், கிழவனுக்கு ஒரு கல்வெட்டு அடிக்க வேணும். எங்கட சனத்துக்கு ஆள் ஆரெண்டு விளங்க வேணும்."

"அவர் ஆர்?"

"ஆபிரிக்காவில பெரிய கடை முதலாளி. பிறகு சட்டசபையில இருந்தவர். வேறென்ன வேணும்?"

"குணநலன் ஏதாவது?"

"செத்தவருக்கு என்ன குணநலன், மாஸ்டர்? நீங்கள் போடுறதுதானே."

மறுக்க முடியவில்லை. கடை முதலாளி ஒருவருக்கு என்ன பாடுவது என்பது எனக்குக் கைவந்த பாடம். இங்கிலாந்தின் வடக்கே உள்ள அவருடைய ஊரில் நெல் விளையாது என்பதை அறியாதவன் அல்லன். ஆயினும் நிலக்கரிப் புகைக்கு மரபில் இடமில்லை. வயலையே விளைவித்தேன். சம்பந்தி புலம்பல் மக்கள் புலம்பலைவிட இரண்டு பாட்டு நீளமாக அமைந்தது. அது சிவகுருவின் வேண்டுகோள்.

நாலாம் பாட்டு கொடைச் சிறப்பு. அதன் முடிவில் இப்படி ஒரு குறள் வெண்பா வைத்தேன்:

வந்தவர் யாரெனினும் வாயில் அடையாத
செந்தண்மை வள்ளல் சிறப்பு.

எவர் வந்தாலும் கதவை மூடாத கருணையாளர் என்பது பொருள். யாழ்ப்பாணத்தில் காலமான எந்தக் கடை முதலாளியின் கல்வெட்டை எடுத்துப் பார்த்தாலும் அவருடைய வாயில் திறந்தே இருக்கும். பூட்டு விற்றவருக்கும் அப்படித்தான்.

## கதவின் வரலாறு

அந்தியேட்டி நாள் காலை என்னை மெல்பேண் விமான நிலையத்தில் வந்து ஏற்றியவர் யூடித். எழுபதைத் தாண்டியவர். காரை நிதானமாகவும் பேச்சை வேகமாகவும் ஓட்டுகிறவர். தந்தையாரின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளும் அவரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தவர்.

டண்டினொங் வந்து சேர்வதற்குள் பிளம்லியின் வாழ்க்கை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகமோ ஏற்கெனவே அச்சாகி, பின்னிருக்கையில் பெட்டியாக எங்களுடன் வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிளம்லி ஆபிரிக்காவின் நடுவே இருந்த ஒரு குடியேற்ற நாட்டுக்குப் போனார். அந்நாடு அப்போது ஓர் ஆங்கிலேயரின் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது. பிறகு அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டது. பீங்கான் பூசிய தட்டுகள், மண்ணெண்ணெய் விளக்குகள், தொப்பிகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சைக்கிள்கள் என விற்றுப் பணக்காரரானார்.

அந்த ஊர்க் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. முன்கதவு வெள்ளையருக்கு. ஆபிரிக்கருக்குப் பக்கச் சுவரில் ஒரு சிறு யன்னல். வெயிலில் வரிசையாக நின்று, காசை உள்ளே நீட்டி, பொருளை வெளியே வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத் தெரிவதற்கு இல்லை.

இதை வாசித்து "என்ன கொடுமை" என்று நாக்கைச் சப்புக் கொட்டும் நம்மவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நம்முடைய ஊர்த் தேநீர்க் கடைகளில் சிலருக்குக் கிளாசிலும் சிலருக்குப் போத்தலிலும் தேநீர் கொடுத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த முதலாளிகள் சிலருடைய கல்வெட்டுகளிலும் வாயில் அடைபடவே இல்லை.

பிளம்லியிடம் ஒரு நேர்மை இருந்தது. அது வியாபார நேர்மை. யன்னலால் விற்றால் விற்பனை மெதுவாக நடக்கிறது என்று கண்டுபிடித்து, முன்கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டார். உடனே அவரை முற்போக்காளர் என்று சிலர் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி அவருக்குப் பிடித்துப்போயிற்று. புகழ்ச்சி பிடித்துப்போன வியாபாரிக்கு அடுத்த படி தேர்தல்.

அங்கே வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று சட்டம் வாய்விட்டுச் சொல்லவில்லை. இவ்வளவு சொத்து, இவ்வளவு வருமானம் வேண்டும் என்று சொல்லி, அந்த அளவுகோலை வெள்ளையரின் உயரத்தில் வைத்திருந்தது. பிளம்லியின் தொகுதி யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலப் பல மடங்கு பெரிது. வாக்காளர் அனைவரையும் செவன் ஹில்ஸில் ஒரு கலியாண வீட்டுக்கு அழைத்தால் இரண்டாம் பந்தி தேவைப்படாது.

அந்த வாக்காளர்களுக்குத் திறந்த கதவு பிடிக்கவில்லை. தேர்தலுக்கு முன்னர் பிளம்லி கதவை மூடினார், வென்றார், திறந்தார். அடுத்த தேர்தல் வந்தது. மீண்டும் மூடினார்.

"எங்கள் ஊரில் தேர்தல் எப்போது வரும் என்று பத்திரிகை பார்க்கத் தேவையில்லை, மிஸ்டர் நடராசா" என்றார் யூடித், சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியபடி. "எங்கள் கடைக் கதவைப் பார்த்தால் போதும்."

சட்டசபையில் அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டேன்.

"தராதரத்தைப் பற்றி. எதுவும் தெரியாதபோது எல்லோரும் தராதரத்தைப் பற்றித்தான் பேசினார்கள்."

பின்னிருக்கையில் இருந்த பெட்டியை நான் திரும்பிப் பார்த்தேன். வளைவுகளில் அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"இன்றைக்கு அப்பாவின் நண்பர் ஒருவர் வருகிறார். அந்த ஊர்க்காரர், மிஸ்டர் முலெங்கா. மகளோடு இங்கே வந்து குடியேறியவர். வயோதிபர் நிலையத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஆறு வருடம், செவ்வாய்க்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துச் சண்டை பிடித்தார்கள்."

## நாலாம் பாட்டு

ஆகவே, யூடித் மண்டபத்தில் எழுந்து கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். மண்டபம் நிறைய நம்மவர்கள். பாதிப் பேருக்காவது வருங்காலத்தில் நான் எழுத வேண்டியவன்.

எழுந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். தேவைக்கு அதிகமாகவே துடைத்தேன்.

ஊர்ச் சிறப்பை ஆங்கிலத்தில் சொன்னேன். வயல்கள் பொன்னாய் விளையும் என்றும் வாளை மீன்கள் துள்ளி வரப்பைத் தாண்டும் என்றும் கேட்ட பேரன், "கிரான்ட்பாவின் ஊரிலா?" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். யூடித்தும் புன்னகை செய்தார். இரண்டாம் பாட்டும் மூன்றாம் பாட்டும் சேதமின்றிக் கடந்தன.

"மாஸ்டர்," சிவகுருவின் உதடுகள் அசையவில்லை, குரல் மட்டும் வந்தது. "விடமாட்டீங்கள் எண்டால் வேற மாதிரிச் சொல்லுங்கோ. இங்கிலீசில என்னத்தைச் சொன்னாலும் எங்கட சனத்துக்கு என்ன விளங்கவே போகுது?"

யோசனை நல்லதுதான். ஆயினும், மரபுப்படி தமிழில் மிகைபடப் பாடுவது கவிதை. அதையே ஆங்கிலத்தில் வேறாக மாற்றிச் சொல்வது மோசடி. இரண்டு மொழியும் கற்றவன் என்று சொல்லிக்கொள்பவனுக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

"எவர் வந்தாலும் அவருடைய கதவு ஒருபோதும் மூடப்பட்டதில்லை" என்று வாசித்தேன்.

யூடித்தின் புன்னகை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையைப் பார்த்தார்.

"அது என் அப்பா இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழைத்தவர் பிழையான இலக்கத்துக்கு எடுத்துவிட்டார் என்பதைச் சொல்வது போலச் சொன்னார். "ஒரு மாதமாக எல்லோரும் வந்து நல்லதையே சொல்கிறார்கள். யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை."

ஆங்கிலம் விளங்காது என்று சிவகுரு நம்பியிருந்த நம்முடைய சனம் அனைத்துக்கும் அது விளங்கிற்று. வடைகள் தட்டுக்குத் திரும்பின. என் பெயர் மண்டபத்தின் நடுவே நின்றது, ஒதுங்க இடமின்றி.

அப்போது மூன்றாம் வரிசையில் கைத்தடி ஒன்று தரையைத் தட்டியது. திரு. முலெங்கா சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஹெக்டர் இதைக் கேட்டிருந்தால் தேர்தல் சுவரொட்டி அடித்திருப்பார்" என்றார்.

## யன்னல் வழியே ஒரு சைக்கிள்

எழுந்து நிற்க அவருக்குச் சற்று நேரம் எடுத்தது. பேச ஆரம்பித்த பிறகு யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை.

"நான் இளம் ஆசிரியன். ஒரு சைக்கிள் வாங்கப் போனேன். தேர்தல் காலம், கதவு மூடியிருந்தது. யன்னலில் காசைக் கொடுத்தேன். முதலில் ஒரு சில்லு வந்தது. பிறகு மற்றச் சில்லு. இருக்கை வந்தது, கைபிடி வந்தது. வண்டியின் சட்டம் வரவில்லை. யன்னலில் மாட்டிக்கொண்டது. பாதி உள்ளே, பாதி என் கையில்."

பிள்ளைகள் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்கள்.

"ஹெக்டர் வந்து பார்த்தார். எதிர் விறாந்தையில் அவருடைய வாக்காளர்கள் தேநீர் குடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் வாக்குப் போகும். திறக்காவிட்டால் வியாபாரம் போகும். மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு திருப்புளி கொண்டுவரச் சொன்னார்."

"கதவைத் திறந்தாரா?" என்றாள் அபிராமி.

"இல்லை, மகளே. யன்னலைக் கழற்றினார். நிலையோடு கழற்றினார். சுவரில் ஒரு மாடு போகக்கூடிய ஓட்டை. அதன் வழியே சைக்கிளைத் தாமே தூக்கித் தந்து, 'நல்ல வண்டி, எண்ணெய் போட மறக்காதே' என்றார்."

மண்டபம் சிரித்து முடிய நேரம் எடுத்தது. யூடித் சிரித்தாரா அழுதாரா என்று நான் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

"அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். அந்தச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் எங்கள் விடுதலைக்குக் கூட்டம் சேர்த்தவன் நான். நல்ல வண்டிதான். இங்கே வயோதிபர் நிலையத்தில் அவரைக் கண்டு, நான் யார் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது என்ன தெரியுமா? 'எண்ணெய் போட்டாயா?'"

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு மெல்லச் சொன்னார். "ஆறு வருடம் அதற்காக அவரோடு சண்டை பிடித்தேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை."

யூடித் என் பக்கம் திரும்பினார்.

"இதுதான் என் அப்பா. இது ஏன் புத்தகத்தில் இல்லை?"

## வரிசையில் இல்லாத ஒருவர்

கல்வெட்டில் மனைவி, மக்கள், மருமக்கள், பேரர், சம்பந்தி ஆகியோர் மட்டுமே புலம்பலாம் என்று விளக்கினேன். கடைக்கு வந்தவர் புலம்ப மரபு இல்லை.

"வெயிலில் அவருக்காக மனைவியைவிட அதிக நேரம் காத்து நின்றவன் நான்" என்றார் திரு. முலெங்கா.

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"மாஸ்டர், அச்சடிச்ச கல்வெட்டில கை வைக்காதேங்கோ" என்றார் சிவகுரு. இப்போது உதடுகளும் அசைந்தன. "பிழைதிருத்தம் போட்டால் சனம் என்ன சொல்லும்? உங்கட பேர் என்னாகிறது? என்ர பேர்?"

அவர் கேட்டது நியாயம். எழுதாமல் விட்டால், அடுத்த சாவீட்டிலே நான் பாடும் ஒவ்வொரு வாயிலையும் சனம் இந்தக் கதவை நினைத்துக்கொண்டுதான் வாசிக்கும். எழுதினால், அதுவரை பாடிய வாயில்களையும் தட்டிப் பார்க்கத் தொடங்கும். எப்படிப் பார்த்தாலும் பழைய பெயர் போயிற்று. போகிற பெயர் தளை தட்டாமலாவது போகட்டும் என்று எண்ணினேன்.

இரசம் பரிமாறப்படுவதற்குள் பாட்டு அமைந்துவிட்டது. பின்னட்டையின் உட்பக்கம் வெறுமையாக இருந்தது. தலைப்பையும் பாட்டையும் சொன்னேன், அபிராமியும் அவளுடைய தோழிகளும் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கையால் எழுதினார்கள்.

வாடிக்கையாளர் புலம்பல்

கதவு திறவாமல் யன்னல் கழற்றி
உதவினீர் சைக்கிள் எனக்கு.

ஆங்கிலத்திலும் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றத் தேவைப்படவில்லை. திரு. முலெங்கா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். யூடித் தம் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். முன் அட்டையை உள்ளே மடித்து, கையால் எழுதிய அந்தப் பக்கம் மேலே தெரியும்படி வைத்தார்.

## பெயர்

அதன் பின்னர் எனக்கு வந்த அழைப்புகள் குறைந்தன. வந்தவையும் சற்று விசித்திரமானவை. "மாஸ்டர், அப்பாவுக்கு ஒண்டு எழுத வேணும். ஆனால் நீங்கள் ஆரிட்டையும் விசாரிக்க வேண்டாம்" என்றார் ஒருவர். சிவகுரு தம்முடைய கல்வெட்டை இப்போதே தாமே எழுதி வைத்துவிட்டதாகத் தொலைபேசியில் அறிவித்தார்.

"கதவு போட்டிருக்கிறீரோ?"

"இல்லை."

"யன்னல்?"

"ஒண்டும் இல்லை, மாஸ்டர். வெறும் காணி வளவுதான்."

பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்றேன். தரமாட்டேன் என்று வைத்துவிட்டார்.

சென்ற மாதம் சிட்னிக்குத் தெற்கே உள்ள ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போயிருந்தேன். தரிசனம் முடித்து, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கார் நிற்குமிடத்துக்கு இறங்கி வந்தேன். பின்னால் யாரோ ஓர் அன்ரி உரத்த குரலில் அழைத்தார்.

"யன்னல் மாஸ்டர்! உங்களைத்தான்!"

நம்மவர் பட்டப்பெயர் சூட்டினால் அது சாகும்வரை ஒட்டும் என்பது எனக்குத் தெரியும். அப்படியொருவரை எனக்குத் தெரியாது என்பது போல நடந்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். ஐம்பது ஆண்டு காத்த பெயர் வேறு இருக்கிறது.

நான் திரும்பிப் பார்த்தேன்.